பயணம் சொல்லாமல் போறதா

ஹமீதா மதினி ஹஜ்ஜுக்குப் போகிறா என்ற செய்தி குடும்பத்து வாட்ஸ்அப் குறூப்பில் வந்து விழுந்த அன்று பின்னேரம்தான், முஸ்பிரா தன் புருஷனைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் பைக்கில நாடு சுத்தப் போவமா?" என்று கேட்டாள்.

இன்சாப்பின் கையில் இருந்த தேத்தண்ணி சரிந்து உடுத்தியிருந்த சாரத்தில் ஊற்றியது. ஊற்றாமல் என்ன செய்யும்? ஏழு வருசமாக அந்த மனுசி மோட்டார் சைக்கிள் சீற்றில் ஒரு விரல் வைத்ததில்லை. சாமான் வாங்க மன்னாருக்குப் போறதென்றாலும் பஸ்தான், புத்தளத்தில் இருக்கிற உம்மாவைப் பார்க்கப் போறதென்றாலும் பஸ்தான். எருக்கலம்பிட்டியில் ஒரு கலியாணம் வந்தபோது அவர் பைக்கில் முன்னால் போக, அவள் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனாள். சிலாவத்துறை முழுக்கப் பார்த்துச் சிரித்தது.

"உண்மையாத்தான் கேக்கிறியா?"

"பகிடிக்குக் கேக்கிற வயசா எனக்கு? சோளகக் காத்து எழும்பிட்டுது. வள்ளமெல்லாம் கரையில கிடக்குது. உங்களுக்கு மீன் ஏத்தி அனுப்புற வேலையுமில்ல. இப்ப போகாட்டி எப்ப போறது?"

நியாயமான கதைதான். ஆனால் காரணம் அதுவல்ல. காற்றும் வள்ளமும் சும்மா வாய்க்கு வந்த சாட்டு. இன்சாப்புக்கு மூத்தவ, கூடப்பிறந்த ராத்தா ஹமீதா வந்து படலையைத் தட்டுகிற நேரம் தான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் முஸ்பிராவின் மனசில் இருந்த ஒரே எண்ணம். அதற்காக நாடு சுற்ற வேண்டுமென்றாலும் சுற்றுவாள், கடலுக்குள் போய் இருக்க வேண்டுமென்றாலும் இருப்பாள்.

இந்தக் கரையில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போறதென்றால், பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரே பிளேன் ஏறிவிட முடியாது. முதலில் பயணம் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், சலாம் சொல்லி, "அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையெல்லாம் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கேட்க வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனுசருக்குச் செய்த பிழையை அந்த மனுசர்தான் மன்னிக்க வேண்டும். அதைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் கஃபாவைச் சுற்றி வந்தாலும் பாரம் குறையாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயணம் சொல்ல வருகிறவர் தனியே வரவும் மாட்டார். கூட நாலு பெண்டுகள் வருவார்கள். அத்தனை பேர் ஹோலில் நிற்கிறபோது எந்த வீட்டுக்காரிக்கு "பொறுக்கமாட்டன்" என்று சொல்ல வாய் வரும்? "பொறுத்திட்டன், எங்களுக்கும் துஆக் கேளுங்கோ" என்று சொல்லி, ஆளுக்கொரு கிளாஸ் சர்பத்தும் கொடுத்து அனுப்புவாள். என்ன பிழை, எப்போது செய்தது என்று யாரும் கேட்பதில்லை. மொத்தமாக வாரிக் கூடையில் போட்டுக் கழுவிவிட்ட மாதிரி எல்லாம் முடிந்துபோகும்.

ஹமீதாவுக்கு அது அவ்வளவு மலிவாகக் கிடைக்கக் கூடாது. நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டு, ஒரு கிளாஸ் சர்பத்தோடு சுத்தமாகி, வெள்ளைச் சால்வை போட்டுக்கொண்டு அரஃபா மைதானத்தில் நிற்பாவாம். நிற்கட்டும். முஸ்பிரா பொறுக்காத ஒரு பிழையோடு போய் நிற்கட்டும்.

நடந்தது இதுதான். கலியாணம் முடித்த புதிதில் இன்சாப்பும் முஸ்பிராவும் பைக்கைவிட்டு இறங்கினதே இல்லை. மீன் வாங்கவென்று தாழ்வுபாடு வரைக்கும் போவார்கள், மீன் வாங்காமல் திரும்பி வருவார்கள். அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, "வா, கொண்டச்சிப் பக்கம் போய்க் காத்து வாங்கிப்போட்டு வருவம்" என்று அவர்தான் கூப்பிட்டார். இடுப்பு உளையுது, இண்டைக்கு வேணாம் என்றாள். "காத்துப் பட்டாச் சரியாப்போகும்" என்று ஏற்றிக்கொண்டு போனார். அதை அவள் ஒருநாளும் குற்றமாக நினைத்ததில்லை. ஆசைப்பட்ட மனுசன் கூப்பிட்டார், போனாள். அன்றிரவே வயிறு வலித்தது. விடியும்போது ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. "இது பைக்கால வந்ததில்லை மகள், அந்தக் கரு தங்குற கருவில்லை" என்று பெரிய டொக்டர் பக்கத்தில் இருந்து சொன்னார்.

டொக்டர் சொன்னதை யார் கேட்டது? அவள் வீட்டுக்கு வந்து அறைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். சுகம் விசாரிக்க வந்த பெண்டுகள் ஹோலில் இருந்தார்கள். அது அவளுடைய வீடு. வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. அந்த வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஹமீதா சொன்னா: "பைக்கில ஊர் சுத்தி, வயித்தில கிடந்த பிள்ளையைக் குலுக்கி இறக்கிப்போட்டாள்."

அறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. இன்சாப் வாசலில் நின்றார். கேட்டுக்கொண்டுதான் நின்றார். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி ஒரு சொல்லுச் சொல்லவில்லை.

அந்தக் கதை கொண்டச்சியில் இருந்து சிலாவத்துறை வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்று தங்கவில்லை. ஒவ்வொரு வருசமும் தங்காமல் போகப் போக, ஊர் அந்தக் கதையை மறக்காமல் வைத்துக்கொண்டது. பஸ்ஸில் பின் சீற்றில் இருந்து, "பைக்கில பிள்ளையைக் கரைச்சவ இவதான்" என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினதை முஸ்பிரா தன் காதால் கேட்டிருக்கிறாள். ஏழு வருசம் கறுவிக்கொண்டிருந்தாள். ஹமீதாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது, போய்ச் சிரித்துக்கொண்டு பிரியாணி தின்றுவிட்டு வந்தாள். கை கழுவும்போதும் கறுவிக்கொண்டுதான் கழுவினாள்.

இப்போது நேரம் வந்திருந்தது. பயணம் சொல்லுகிறவர்கள் தூரத்து வீடுகளில் தொடங்கி, நெருங்கின சொந்தத்துக்குக் கடைசிக் கிழமையில்தான் வருவார்கள். அந்தக் கிழமை படலையில் ஒரு பெரிய பூட்டுத் தொங்க வேண்டும். ஃபோனை நிப்பாட்டி வைக்கலாம். வொய்ஸ் மெசேஜ் வந்தால் கேட்காமல் விடலாம். கேட்காத மெசேஜ் கேட்காத மெசேஜ்தான், அதற்கு எந்த மௌலவியும் பத்வாக் கொடுக்க ஏலாது.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது இன்சாப்தான். தேத்தண்ணிச் சாரத்தை மாற்றிக்கொண்டு வந்த மனுசன் அந்த இடத்திலேயே ஃபோனில் மப்பை விரித்துவிட்டார்.

"முதல்ல பூநகரியால யாழ்ப்பாணம். அங்கயிருந்து பரந்தன், முல்லைத்தீவு, திருகோணமலை. கடற்கரையோட மட்டக்களப்பு, பொத்துவில். இந்த மாசம் அந்தப் பக்கம் மழையில்ல. மலைநாடுதான் நனைக்கும். றெயின்கோட் ரெண்டு வாங்குவம்."

"எல்லவில அந்தப் பாலம் பாக்கவேணும்," என்றாள் முஸ்பிரா. பாலமும் மண்ணாங்கட்டியும். எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு நல்லது என்றுதான் சொன்னாள்.

"பாப்பம். பிறகு நுவரெலியா, கண்டி, புத்தளம். உம்மாட்ட ரெண்டு நாள் நிப்பம். அநுராதபுரம், மதவாச்சியால மன்னார் வந்து சேருவம்."

"எப்ப வெளிக்கிடுறது? அடுத்த மாசம் முதல் கிழமை?"

"ஏன் அதுவரைக்கும்? இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி போவம். எவ்வளவு கெதியாப் போறமோ அவ்வளவு நல்லம்."

அவள் கேட்டதைவிட அவர் முந்திவிட்டார். முந்தினாலென்ன, புத்தளத்தில் உம்மாவிடம் நாளை இழுத்துக் கடைசிக் கிழமையைத் தாண்டிவிடலாம். முஸ்பிராவுக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் சந்தோசப் புளுகமாகவும் இருந்தது, ஒரு பக்கம் குத்தலாகவும் இருந்தது. பாவம், இந்த மனுசன் இத்தனை வருசமும் இதற்காகத்தான் ஏங்கியிருக்கிறார் போல. தன்னோடு போகிற ஆசையில் துள்ளுகிறவரை, அவருடைய ராத்தாவைப் பழிவாங்கவே கூட்டிக்கொண்டு போகிறாளே, இது சரியா? யோசித்தாள். யோசித்துவிட்டு, சரிதான் என்று முடிவெடுத்தாள். அன்றைக்கு வாசலில் வாய் பொத்தி நின்றதற்கு இவ்வளவாவது செய்யட்டும்.

படங்கு போட்டு மூடிக் கிடந்த பல்ஸர் பைக்கை அவர் இழுத்து வெளியே எடுத்தார். வேலைக்கென்று அவரிடம் வேறொரு பழைய பைக் இருந்தது. இது அவளோடு ஓடினது என்று தொடாமல் வைத்திருந்தார். அடுத்த நாள் அதைச் சந்தியில் இருக்கிற ஜவாஹிரின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜவாஹிர் நல்ல வேலைக்காரன். செயின், பிளக், ரயர் இரண்டு எல்லாம் புதிதாகப் போட்டு, பின்னால் பெட்டி வைக்க ஒரு கேரியரும் அடித்துக் கொடுத்தார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடுதான், குரலைத் தாழ்த்தி இன்சாப்பிடம் சொன்னார்.

"தங்கச்சியை ஏத்திக்கொண்டு பாத்து ஓடு தம்பி. ஒருக்காப் பட்டது காணும். பொம்பிளையள் பிடிவாதம் பிடிச்சா நாங்கதான் யோசிச்சு நடக்கவேணும்."

தாழ்த்தின குரல் என்று அவருக்கு நினைப்பு. மூன்றாவது கடைக்குக் கேட்டிருக்கும். முஸ்பிரா பல்லைக் கடித்துக்கொண்டு இன்சாப்பைப் பார்த்தாள். ஒரு சொல்லு. "டொக்டர் அப்பிடிச் சொல்லேல்ல காக்கா" என்று ஒரே ஒரு சொல்லு. இன்சாப் குனிந்து செயினைப் பார்த்தார். புதுச் செயின் அது, அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பிடிவாதம் என்று ஜவாஹிர் ஏன் சொன்னார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. ஊர் வாய், ஒன்றோடு ஒன்றைக் கூட்டித்தானே சொல்லும் என்று விட்டுவிட்டாள்.

பழகிக்கொள்ள வேண்டுமென்று அந்தக் கிழமை இரண்டு தரம் அவளை ஏற்றிக்கொண்டு அரிப்பு வரைக்கும் போய் வந்தார். முதல் தரம் இரண்டு கையாலும் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பிறகு வெறும் றோட்டில், இடப்பக்கம் கடல் மினுங்க, சோளகம் வந்து நெஞ்சில் அடிக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெல்மட்டுக்குள் தனியே சிரித்தாள். வீட்டுக்கு வந்து இறங்கின பிறகு தன்மேலேயே கோபம் வந்தது. இந்தச் சந்தோசத்தைத்தானே ஏழு வருசம் பறித்து வைத்திருந்தா அந்தப் பொம்பிளை. பொறுக்கிறதா? செத்து மவுத்தானாலும் பொறுக்கிறதில்லை.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் வியாழன். லுஹர் தொழுதுவிட்டு முஸ்பிரா குசினியில் வழிக்குக் கொண்டுபோக மாசிச் சம்பல் பொரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் இன்சாப் பைக்கில் பெட்டியை வைத்து றப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். றோட்டில் வான் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படலை திறந்தது. சலாம் கேட்டது. அந்தக் குரலை அவள் பொரிச்சட்டிச் சத்தத்துக்குள்ளும் கண்டுபிடிப்பாள்.

எட்டிப் பார்த்தாள். ஹமீதாதான். பின்னால் நசீறா மாமியும் இன்னும் மூன்று பெண்டுகளும். இன்சாப் கயிறும் கையுமாகத் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

முஸ்பிராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதென்ன நியாயம்? கடைசிக் கிழமைதானே வரவேண்டும். அடுப்பை நிப்பாட்டினாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், ஹோலுக்கு வந்தாள். பெண்டுகள் கதிரைகளில் இருந்தார்கள். ஹமீதா மட்டும் இருக்காமல் நின்றா. மெலிந்திருந்தா. முகத்தில் பழைய மிதப்புக் கொஞ்சமும் இல்லை.

"முதல் வீடா இங்கதான் வந்தனான், முஸ்பிரா," என்றா. "மற்ற வீடுகளுக்கு இனித்தான் போகவேணும். கடைசி மட்டும் தள்ளிவைக்க எனக்கு மனசு கேக்கேல்ல."

"வாங்கோ மதினி," என்றாள் முஸ்பிரா. வேறென்ன சொல்ல? தன் வீட்டுக்கு வந்தவரை வாங்கோ என்றுதானே சொல்ல வேண்டும்.

"ஹஜ்ஜுக்குப் போறன். பயணம் சொல்ல வந்தனான். அறிஞ்சும் அறியாமலும் நான் செஞ்ச பிழையெல்லாம் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளு."

நசீறா மாமி முஸ்பிராவைப் பார்த்து, சொல்லு புள்ள, சொல்லு என்கிற மாதிரித் தலையை ஆட்டினா. மற்றப் பெண்டுகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்துக்குப் பயந்துதானே நாடு சுற்ற வெளிக்கிட்டாள். ஓட வழியில்லாமல் போன பிறகு பயமும் போய்விட்டது போல. முஸ்பிரா மெதுவாகச் சொன்னாள்.

"அறியாமச் செஞ்சதெல்லாத்தையும் இப்பவே பொறுத்திட்டன் மதினி. அறிஞ்சு செஞ்சதைச் சொல்லுங்கோ. என்னெண்டு தெரிஞ்சாத்தானே பொறுக்கலாம்."

நசீறா மாமிதான் முதலில் வாயைத் திறந்தா. "இதென்ன புள்ள கேள்வி? பயணம் சொல்ல வந்த ஆளிட்டக் கேக்கிற கேள்வியா?"

"நீங்களும் அண்டைக்கு இதே ஹோலிலதான் இருந்தீங்க மாமி. மறந்திருந்தாச் சொல்லுங்கோ, நான் ஞாபகப்படுத்துறன்."

நசீறா மாமி முக்காட்டை இழுத்துவிட்டா. வாசலில் இருந்து இன்சாப் அந்தரப்பட்டுச் சொன்னார். "ராத்தா, நேரம் போகுது. மற்ற வீடுகளுக்கும் போகவேணுமெல்லா?"

ஹமீதா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தா, பிறகு நிமிர்ந்தா. சொன்னா. நாலு பேருக்கு முன்னால், ஒரு சொல்லும் விடாமல் சொன்னா. "பைக்கில ஊர் சுத்தி, வயித்தில கிடந்த பிள்ளையைக் குலுக்கி இறக்கிப்போட்டாள் எண்டு உன்னைச் சொன்னனான். நீ அறைக்குள்ள படுத்திருந்தது தெரிஞ்சுதான் சொன்னனான். கொண்டச்சியிலயும் போய்ச் சொன்னனான். அறிஞ்சு செஞ்ச பிழை அது."

முஸ்பிராவுக்கு இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நல்லாவே இனித்தது. ஏழு வருசம் வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததில் யாரோ தண்ணி ஊற்றின மாதிரி இருந்தது. அவள் அதோடு நிப்பாட்டியிருக்கலாம். "பொறுத்திட்டன்" என்று சொல்லியிருந்தால் எல்லாரும் எழும்பிப் போயிருப்பார்கள், அடுத்த நாள் அவளும் புருஷனும் சந்தோசமாக யாழ்ப்பாணம் போயிருப்பார்கள். ஆனால் பழிவாங்குகிற ஆளுக்கு ஒரு கரண்டி காணுமா? இன்னும் ஒரு கரண்டி கேட்டாள்.

"ஏன் சொன்னீங்க? டொக்டர் சொல்லாததை நீங்க எங்க படிச்சீங்க மதினி?"

"அதை விடு. என்ர வாயால வந்தது, என்ர பாவம்."

"விட ஏலாது. சொல்லுங்கோ."

"முஸ்பிரா," என்றா ஹமீதா. கண் கலங்கியிருந்தது. "நான் அரஃபாவுக்குப் போற ஆள். இனிப் பொய்யும் சொல்ல ஏலாது, ஒருத்தரைக் காட்டிக்குடுக்கவும் ஏலாது. என்னைக் கேக்காத."

காட்டிக்கொடுக்க ஏலாதாம். யாரை? முஸ்பிரா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்தது மொத்தமும் மூன்று பேர். அவள் உள்ளே கட்டிலில் கிடந்தாள். வெளியே ஹமீதா நின்றா. கூட நின்றது யார்?

நசீறா மாமி வாசலைப் பார்த்தா. மற்றப் பெண்டுகளும் பார்த்தார்கள். முஸ்பிரா கடைசியாகத்தான் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. என்றாலும் கேட்டாள். "நீங்க என்ன சொன்னீங்க இவவிட்ட?"

இன்சாப் கையில் இருந்த றப்பர் கயிற்றைச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"பயத்தில சொன்னனான்," என்றார். "உன்ர வாப்பா என்னைத்தான் கொல்லுவார் எண்டு பயந்திட்டன். நான் வேணாமெண்டு சொல்ல, நீதான் பிடிவாதம் பிடிச்சு ஏறினனி எண்டு ராத்தாட்டச் சொல்லிட்டன். அவ ஊருக்குச் சொல்லுவா எண்டு நினைக்கேல்ல. பிறகு எப்பிடி மாத்திச் சொல்லுறதெண்டு தெரியேல்ல."

"ஏழு வருசமாத் தெரியேல்லயா?"

இடுப்பு உளையுது, இண்டைக்கு வேணாம் என்று சொன்னது அவள். காற்றுப் பட்டால் சரியாகும் என்று ஏற்றினது அவர். அந்த மனுசன் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்து நித்திரை கொண்டிருக்கிறார். பஸ்ஸில் அவளை விரல் நீட்டிக் காட்டினார்கள் என்று அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறார். தன்னோடு போகிற ஆசையில் துள்ளுகிறார் என்று அவள் நினைத்த துள்ளலுக்கும் காரணம் விளங்கியது. ராத்தா பயணம் சொல்ல வந்து, கதை கதையாய் இழுபட்டு, தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற பயம். ஹமீதாவுக்கு அகப்படாமல் ஓட அவள் ஒரு திட்டம் போட, அதே ஹமீதாவுக்கு அகப்படாமல் ஓட அவரும் ஒரு திட்டம் போட்டிருக்கிறார். நல்ல சோடி.

முஸ்பிரா குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது தட்டில் சர்பத் கிளாஸ்கள் இருந்தன. முதல் கிளாஸை ஹமீதாவின் கையில் கொடுத்தாள்.

"அறிஞ்சு செஞ்சதையும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்திட்டன் மதினி," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "மனசோட சொல்லுறன். உங்கட வாய் பொல்லாத வாய்தான். ஆனா நீங்க ஏமாந்து சொன்னீங்க. சுகமாப் போய்ட்டு வாங்கோ. துஆவில என்னை மறக்காதீங்கோ."

ஹமீதா அவளைக் கட்டிப்பிடித்து அழுதா. முஸ்பிரா அழவில்லை. அழுகிற வேலை பிறகு இருந்தது. வான் போகும் வரை படலையில் நின்று வழியனுப்பிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். இன்சாப் பைக்கில் கட்டின பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"முஸ்பிரா," என்றார். "என்னையும் அல்லாஹ்வுக்காக…"

"ஏன், நீங்களும் ஹஜ்ஜுக்கா போறீங்க?"

அவர் பெட்டியை நிலத்தில் இறக்கப் போனார். "பயணத்தை விடுவம். இந்த மனசோட எங்க போறது?"

"பெட்டியை அவிழ்க்க வேணாம். நாளைக்கு வெளிக்கிடுறம்."

"உண்மையாவா?" அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பாவம், விசயம் விளங்கவில்லை.

அவள் அன்றைக்கு அவரோடு வேறு கதை பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். அவர் ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்.

சுபஹு தொழுதுவிட்டு, சூரியன் மேலே வந்த பிறகு இருவரும் வெளிக்கிட்டார்கள். ஜும்ஆவைப் போகிற வழியில் மன்னாரில் தொழலாம் என்று அவர் சொன்னார். படலையைப் பூட்டினாள், கெல்மட்டைப் போட்டாள், பின்னால் ஏறி இருந்தாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கேரியரைப் பிடித்துக்கொண்டாள். பைக் சந்திக்கு வந்து மன்னார் பக்கம் திரும்பப் போனபோது அவர் முதுகில் தட்டினாள்.

"எங்க போறீங்க?"

"மன்னாருக்கு. பிறகு பூநகரி."

"நாங்களும் நெடும்பயணம் போறம். பயணம் சொல்லாமப் போறதா? முறையில்லையே. ஜவாஹிர் காக்காட வீட்டில நிப்பாட்டுங்கோ."

இன்சாப் பைக்கை நிப்பாட்டிவிட்டு அப்படியே இருந்தார். விளங்கிவிட்டது. பின் கழுத்தில் வேர்வை வழிந்தது. அவள் காத்திருந்தாள். அவர் மெல்ல கராஜுக்குப் பக்கத்து வீட்டுப் படலையில் கொண்டுபோய் நிப்பாட்டினார்.

ஜவாஹிர் பல்லுத் தீட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய பெண்சாதி வந்தா. "என்ன தம்பி, வெளிக்கிட்டாச்சா? செயின் சத்தம் போடுதா?"

"செயின் நல்லாத்தான் இருக்கு காக்கா," என்றாள் முஸ்பிரா. "பயணம் சொல்ல வந்தனாங்கள். இவருக்கு உங்களிட்ட ஒண்டு சொல்லவேணுமாம்."

இன்சாப் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "அண்டைக்கு… முஸ்பிரா பிடிவாதம் பிடிக்கேல்ல. அவ வேணாமெண்டு சொன்னவ. நான்தான் ஏத்திக்கொண்டு போனனான்."

"டொக்டர் சொன்னதையும் சொல்லுங்கோ."

"பைக்கால வந்ததில்ல எண்டு டொக்டர் சொன்னவர். நான்தான் பழியை அவட தலையில போட்டனான்."

ஜவாஹிருக்கு வாயில் நுரையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. துப்பிவிட்டு, "சரி சரி, விடு தம்பி, அதெல்லாம் பழைய கதைதானே," என்றார். "பொறுத்திட்டம், போய்ட்டு வாங்கோ."

"பழசு உங்களுக்குத்தான் காக்கா. போன கிழமையும் நீங்க சொன்னனீங்க," என்றாள் முஸ்பிரா. "நீங்க பொறுக்கவும் தேவையில்ல. அந்தக் கதையை இனி ஆராவது எடுத்தா, இப்ப கேட்டதைச் சொல்லுங்கோ. அது காணும்."

ஜவாஹிரின் பெண்சாதி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அந்த வாய் இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கும் என்பது முஸ்பிராவுக்குத் தெரியும். திறக்கட்டும். இந்த முறை அது ஓடவேண்டிய பக்கமாக ஓடட்டும்.

இன்சாப் பைக்கைத் திருப்பி மறுபடியும் மன்னார் றோட்டைப் பார்த்தார். முஸ்பிரா முதுகில் தட்டினாள்.

"டெய்லர் வீடு இருக்கு. பஸ் கொண்டக்டர் வீடு இருக்கு. பள்ளிவாசலுக்குப் பின்னால மூண்டு வீடு இருக்கு. பிறகு கொண்டச்சி முழுக்க இருக்கு. யாழ்ப்பாணம் எங்கயும் ஓடிப்போகாது."

"கொண்டச்சி மன்னாருக்கு எதிர்ப்பக்கமெல்லா, முஸ்பிரா."

"நாடு சுத்தத்தானே வெளிக்கிட்டம். எந்தப் பக்கத்தால தொடங்கினா என்ன?"

அவர் திரும்பாமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டார். "எல்லா வீட்டிலயும் சொல்லி முடிஞ்சாப் பிறகு, என்னைப் பொறுப்பியா?"

"சொல்லி முடியுங்கோ. பிறகு நாடு சுத்தி வருவம். நான் உங்களுக்குப் பின்னாலதானே இருக்கப்போறன். யோசிக்கிறதுக்கு நல்ல நேரம் கிடைக்கும்."

டெய்லர் வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்டுகள் தைக்கக் கொடுத்த உடுப்புக்காக நின்றார்கள். பைக்கைக் கண்டதும் எல்லாரும் திரும்பினார்கள். அதில் ஒருத்தி மற்றவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். என்ன சொல்லுவாள் என்று முஸ்பிராவுக்குத் தெரியாதா? இன்சாப் எஞ்சினை நிப்பாட்டாமல் சலாம் சொன்னார். முஸ்பிரா முன்னால் குனிந்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டினாள்.

"இனிச் சொல்லுங்கோ," என்றாள். "சத்தமா."